கணக்கில் விட்டுப்போன இரண்டு நாள்

அல் கோர் கேம்ப், கத்தார்
3 பிப்ரவரி 2006, வெள்ளி

பெர்சி,

சுகமா என்று கேட்டு முதல் வரியை வீணாக்கப் போவதில்லை. நேற்றுதான் போனில் கேட்டேன். நீ சுகம் என்றாய், நான் சுகம் என்றேன், ஊரில் அம்மாவுக்கு முட்டுவலி என்றாய், கார்டு தீர்ந்துவிட்டது. பேச நினைத்ததெல்லாம் பாக்கியாகிவிட்டது. அதனால் முக்கியமான சங்கதிகளை இனி கடிதத்தில்தான் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

இந்தக் கவரின் கனத்தைப் பார்த்துக் காதல் கடிதம் என்று ஏமாந்துவிடாதே. முதல் இரண்டு பக்கம்தான் உனக்கு. மீதி முப்பத்தெட்டுப் பக்கமும் என் தபால்வழி பி.பி.ஏ. கடைசி வருடத்து அசைன்மென்ட். புள்ளியியல் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று, ஓ.ஆர். என்கிற ஆபரேஷன்ஸ் ரிசர்ச் ஒன்று. வழக்கம்போல நான் ரஃப் காப்பி, நீ ஃபேர் காப்பி. மார்ச் பத்தாம் தேதிக்குள் தோஹா படிப்பு மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்கு அனுப்பி நான் எடுத்துக்கொண்டு போக நேரம் இருக்காது. நேராக மையத்து முகவரிக்கே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிடு.

என் எழுத்து உனக்குத் தெரியும். முதல் வருடம் நானே எழுதிக் கொடுத்தபோது, திருத்தியவர் சிவப்பு மையில் "எழுதியவரே நேரில் வந்து வாசித்துக் காட்டவும்" என்று குறிப்புப் போட்டு முப்பது மார்க் குறைத்தார். கல்யாணத்துக்குப் பிறகு உன் முத்து முத்தான எழுத்தில் போனதெல்லாம் எண்பதுக்கு மேல். அசைன்மென்ட் தேர்வரின் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று தாளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்தான். எங்கள் மையத்தில் பாதிப் பேருக்குப் பெண்டாட்டியோ ரூம்மேட்டோதான் எழுதுகிறார்கள். அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

இந்தப் படிப்பு எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்லிக்கொள்ளப் பிடிக்கிறது. டெக்னீசியன் கிரேடில் இருக்கும்வரை கம்பெனி எனக்குக் கொடுப்பது ஆறு பேர் அறையில் ஒரு கட்டில். சூப்பர்வைசர் கிரேடு கிடைத்தால் குடும்ப அந்தஸ்து, உனக்கு விசா, நமக்கு ஒரு வீடு. சூப்பர்வைசர் ஆக டிகிரி வேண்டும். கல்யாணமாகிப் பதின்மூன்று மாதத்தில் நாம் சேர்ந்து இருந்தது நாற்பத்தொரு நாள். போன வாரம் கட்டிலில் படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். மேல் கட்டில் கார்மேகம், "என்னண்ணே வெரலு மடக்குறீக, சம்பளத்தையா எண்ணுறீக?" என்று கேட்டான். அவன் முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன். சாரம் கட்டுகிற வேலை, தொட்டிகளுக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிற வேலை. நல்ல வாய்.

ஓ.ஆர். அசைன்மென்ட்டில் கடைசிக் கேள்வியைக் கவனமாக எழுது. "உங்கள் பணியிடத்துத் திட்டம் ஒன்றுக்கு நெட்வொர்க் படம் வரைந்து, அது முடிய எத்தனை நாள் ஆகும் என்று கண்டுபிடி." நான் எங்கள் ஷட்டவுன் வேலையையே எடுத்துக்கொண்டேன், பிளான்டை நிறுத்தி ஒரு பெரிய கலனைத் திறந்து பழுது பார்த்து மூடுகிற வேலை. வேறு யாரும் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். விடை பத்தொன்பது நாள். படம் கோணாமல் ஸ்கேல் வைத்து வரை.

மீன் குழம்புக்கு ஏங்கிக்கொண்டிருக்கும்,
யேசுராஜ்

✦

ஃபஹாஹீல், குவைத்
25 பிப்ரவரி 2006

அத்தான்,

முப்பத்தெட்டுப் பக்கம் உங்களுக்கு, இரண்டு பக்கம் எனக்கு. இந்தக் கணக்கை நான் மறக்க மாட்டேன்.

மூன்றையும் எழுதி முடித்து இன்று காலை தோஹாவுக்கு ரிஜிஸ்டர் செய்துவிட்டேன். ரசீது இதில் இருக்கிறது, பத்திரம். உங்கள் ரஃப் காப்பியில் ஏழு எது, ஒன்று எது என்று கண்டுபிடிக்கவே இரண்டு சாயங்காலம் போனது. எங்கள் கிளினிக் டாக்டர்களின் சீட்டைப் பத்து வருடமாகப் படித்துப் பழகிய கண் என்பதால் தப்பித்தேன்.

என் ரூம்மேட் நாகவள்ளி, தென்காசிக்காரி, உங்களுக்குத் தெரியுமே. நான் சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, பரீட்சை அவுகளுக்கா ஒனக்கா? புஸ்தகத்த வச்சு மொறைச்சுப் பாத்துக்கிட்டே இருக்கியே" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், வெறும் காப்பி எழுதுவது எனக்கு அலுத்துவிட்டது. ஏன் இப்படி என்று தெரியாமல் எழுதக் கை ஓடவில்லை. நீங்கள் போன லீவில் விட்டுப்போன ஓ.ஆர். புத்தகத்தை எடுத்து அந்த நெட்வொர்க் பாடத்தைப் படித்தேன். நல்ல பாடம் அத்தான். ஒன்று முடிந்தால்தான் அடுத்ததைத் தொடங்க முடியும் என்று வேலைகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போவது, அதில் மிக நீளமான சங்கிலி எதுவோ அதுதான் கிரிட்டிகல் பாத், அதில் ஒரு நாள் தவறினால் எல்லாமே ஒரு நாள் தவறும் என்பது. எங்கள் கிளினிக்கில் காலையில் ஏன் கூட்டம் தேங்குகிறது என்று படம் போட்டுப் பார்த்தேன். ரத்தம் எடுக்கும் இடத்தில்தான் முடிச்சு. ஹெட் நர்ஸிடம் சொன்னேன். ஒரு நாற்காலியைக் கூடுதலாகப் போட்டார்கள், கூட்டம் கலைந்துவிட்டது.

உங்கள் தாளில் சின்னத் திருத்தம் ஒன்றிரண்டு செய்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை.

மாமிக்குத் தைலம் அனுப்பியாகிவிட்டது. இங்கே மீன் சந்தையில் நெய்மீன் மலிவு. உங்களை நினைத்துக்கொண்டு நானே இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பெர்சி

✦

அல் கோர் கேம்ப்
24 மார்ச் 2006

பெர்சி,

பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதினாயே, அந்த ஒன்றும் இல்லாததால் இன்று பதினொரு பேர் முன்னால் என் மானம் கப்பலேறியது.

காலையில் மையத்தில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ஒருங்கிணைப்பாளர் காதர் மைதீன் சார் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அசைன்மென்ட்டிலிருந்து ஒரு கேள்வி கேட்டார். என் முறை வந்ததும், "ஒங்க ஷட்டவுன் படம் ரொம்ப நல்லா இருக்கு. மொத்தம் எத்தன நாளு?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி "பத்தொன்பது சார்" என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எத்தன?" என்றார் மறுபடி. நான் இன்னும் சத்தமாகப் பத்தொன்பது என்றேன். தாளைத் திருப்பிக் காட்டினார். உன் முத்து முத்தான எழுத்தில் இருபத்தொன்று. அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறாய்.

"இத எழுதுனது யாரு?" "நான்தான் சார்." "அப்ப இந்தப் பேப்பர்ல ஒரு வரி எழுதுங்க." எழுதினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவன் சிரித்ததை என் முதுகு கேட்டது.

மூன்று அசைன்மென்ட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. ஏப்ரல் 28ஆம் தேதி நேரில் போய் அவருக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும். அவருக்குத் திருப்தி இல்லை என்றால் ஜூன் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. ஹால் டிக்கெட் இல்லை என்றால் ஒரு வருடம் போச்சு. அந்த வருடத்தில் நமக்கு என்னென்ன போகும் என்று உனக்குத் தெரியும்.

ஐந்து வருடமாக ராஸ் லஃபான் கேஸ் பிளான்டில் ஸ்பேனர் பிடிக்கிறவன் நான். எட்டு ஷட்டவுன் பார்த்தவன். அந்தக் கலனை நீ கண்ணால் கண்டதுண்டா? காப்பி எழுது என்றால் காப்பி எழுத வேண்டியதுதானே. திருத்தச் சொன்னது யார்? திருத்தினாய், சரி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

யேசுராஜ்

✦

ஃபஹாஹீல்
2 ஏப்ரல் 2006

யேசுராஜ் அவர்களுக்கு,

உங்கள் மானம் ஏறிய கப்பல் இங்கே வந்து சேர்ந்தது.

முதலில் என் தப்பு. சொல்லாமல் திருத்தியது தப்புதான். சொன்னால் உங்கள் முகம் சுண்டிப்போகும், போனில் இரண்டு வாரம் "உம்" என்பதைத் தவிர ஒன்றும் வராது என்று பயந்தேன். நல்ல மார்க் வந்தபிறகு சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இதோடு என் பங்கு முடிந்தது.

இனி உங்கள் தப்பு. கலனை நான் கண்டதில்லை. ஆனால் உங்கள் கடிதங்களைக் கண்டிருக்கிறேன், ஒன்றுவிடாமல் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். போன அக்டோபரில் நீங்களே எழுதியது இது: "கலனின் வாயைத் திறந்து வைத்து இரண்டு நாள் காற்று விடுவார்கள். பிறகு மீட்டர் வைத்து விஷவாயு இல்லை என்று பார்த்துப் பர்மிட் தந்தால்தான் கார்மேகம் உள்ளே இறங்குவான். அதுவரை வெளியே உட்கார்ந்து கதை பேசுவான்." உங்கள் ரஃப் காப்பியில் என்ன இருந்தது? திறப்பது ஒரு நாள், அடுத்த நாளே உள்ளே இறங்கிச் சுத்தம் செய்வது. அந்த இரண்டு நாள் எங்கே? கார்மேகத்தை வாயுவுக்குள் இறக்கிவிட்டு பத்தொன்பது என்று கணக்கு முடிக்கிறீர்கள்.

பென்சிலின் போடுவதற்கு முன்னால் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கக் கையில் ஒரு சொட்டு மருந்தை மட்டும் குத்திவிட்டு அரைமணி நேரம் உட்கார வைக்கிறோம். நோயாளி "சும்மாதானே உக்காந்திருக்கேன், போடுங்க சிஸ்டர்" என்பார். அந்த அரைமணிதான் அவர் உயிரோடு வீட்டுக்குப் போவதற்குக் காரணம். என் கைதான் அந்த ஊசியைப் பிடித்திருக்கிறது. தப்பு என்று தெரிந்தே அந்தக் கையால் பத்தொன்பது என்று எழுத என்னால் முடியவில்லை.

நான் டிகிரி வாங்காதவள். பி.எஸ்.சி. கணக்குக்கு இடம் கிடைத்தும், சீக்கிரம் சம்பாதிக்கலாம் என்று நர்ஸிங் டிப்ளமோவில் சேர்த்தார்கள். அதற்காக நான் அழுததில்லை, இந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் ஃபேர் காப்பி எடுக்கிற மெஷின் என்று நீங்கள் நினைத்திருந்தீர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. அது வலிக்கிறது.

இந்த மாதம் போன் செய்ய வேண்டாம். எடுக்க மாட்டேன்.

பெர்சி

✦

அல் கோர் கேம்ப்
14 ஏப்ரல் 2006, பெரிய வெள்ளி

பெர்சி,

பதினொரு தடவை மணி அடித்தது. எடுக்கவில்லை. சொன்ன சொல் தவறாதவள்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டேன். காற்று விடுவது வேலையல்ல. அதைச் செய்ய ஆள் இல்லை, கருவி இல்லை. திறந்து வைத்துவிட்டுப் போகிறோம், அவ்வளவுதான். எங்கள் டைம் ஷீட்டில் காத்திருப்பதற்குக் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாததை வேலை என்று எப்படி எழுதுவது? பென்சிலினும் பிளான்டும் ஒன்றல்ல.

உயிர்ப்பு ஞாயிறுக்கு வாழ்த்து.

யேசுராஜ்

✦

அல் கோர் கேம்ப்
28 ஏப்ரல் 2006

என் பெர்சிக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாய் என்று நம்புகிறேன். பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தால் தயவுசெய்து எடுத்து அடுப்பில் போடு.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன செவ்வாய் வேலை முடிந்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து அந்தப் படத்தை மறுபடி வரைந்துகொண்டிருந்தேன். பத்தொன்பதுதான் சரி என்று காதர் மைதீன் சாரிடம் வாதாடி ஜெயிப்பது என்று திட்டம். கார்மேகம் மேலிருந்து எட்டிப் பார்த்தான். "இது என்னண்ணே, ரயில் ரோடு மாதிரி?" என்றான். நம் ஷட்டவுன்தான் இது என்று ஒவ்வொரு கோடாகச் சொல்லிக் காட்டினேன். இது நிறுத்துவது, இது அடைப்புத் தகடு போடுவது, இது திறப்பது, இது நீ உள்ளே இறங்குவது. அவன் கீழே இறங்கி வந்து விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே போனான். திறப்பது என்ற இடத்தில் விரல் நின்றது.

"இதுக்கும் இதுக்கும் நடுவுல நான் வெளிய காத்துக் கெடப்பேனேண்ணே. அந்த ரெண்டு நாளு எங்க?"

அது வேலை இல்லையடா, அதனால் போடவில்லை என்றேன்.

"எறங்குறவன் நானு. வேலையத்த நாளுன்னு போர்மேன் சொல்லலாம். நீங்களுமாண்ணே சொல்லுறீக?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

நான் படத்தை மடித்து வைத்துவிட்டேன். பெர்சி, எட்டு ஷட்டவுனிலும் அந்தப் பர்மிட் வரும்வரை அவனைத் தடுத்து நிறுத்துகிறவர்களில் நானும் ஒருவன். கையால் செய்வதைக் காகிதத்தில் எழுதும்போது விட்டுவிட்டேன். தெரியாமல் விட்டதில்லை. டைம் ஷீட்டைப் பார்த்துப் பார்த்து என் கண்ணும் போர்மேன் கண்ணாகிவிட்டது. என் புத்தகம் உன்னிடம் இருப்பதால் மையத்தில் கூடப் படிக்கிறவனிடம் இரவல் வாங்கிப் புரட்டினால் அதில் தெளிவாகவே இருக்கிறது, சிமென்ட் காய்வதற்குக் காத்திருப்பதும் ஒரு செயல்தான், ஆள் தேவையில்லை, நாள் தேவை என்று. நீ படித்துவிட்டாய். நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை.

இன்று காலை தோஹா போனேன். பஸ்ஸில் போகும்போது என்ன பொய் சொல்லலாம் என்று மூன்று யோசித்து வைத்திருந்தேன். கை சுளுக்கு என்பது அதில் ஒன்று. சாருடைய மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் மூன்றும் மறந்துபோய்விட்டன. "எழுதுனது என் மனைவி சார். திருத்துனதும் அவதான். எனக்குத் தெரியாது. அவ சொன்னதுதான் சரி" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் ஒரு மாசம் மிச்சம்" என்றார். பிறகு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "இருபத்தொண்ணு ஏன்னு எனக்குப் புரிய வைங்க. ஒங்க கைப்பட. எழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்ல, நான் வாசிச்சுக்கிறேன்."

மூன்று மணி நேரம் எழுதினேன். பள்ளிக்கூடத்தில்கூட அப்படி எழுதியதில்லை. அந்த இரண்டு நாளைத் தனிக் கோடாகப் போட்டு, அதன்மேல் "காத்திருத்தல்" என்று எழுதினேன். ஒரு செயலைக்கூட விடாமல் கூட்டினால் இருபத்தொன்று. அவர் திருப்பித் திருப்பிக் கேள்வி கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. மற்ற இரண்டு அசைன்மென்ட்டையும் அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளில் அங்கேயே உட்கார்ந்து எழுத வேண்டும். விதியை மீறியதால் மூன்றுக்கும் பாஸ் மார்க் மட்டும்தான். ஆனால் ஹால் டிக்கெட் உண்டு.

கிளம்பும்போது ஒரு ஃபார்மை நீட்டினார். "இத வீட்டுக்கு அனுப்புங்க. குவைத்திலயும் நமக்கு மையம் இருக்கு. படிக்கிறது அவங்க, பட்டம் வாங்குறது நீங்கன்னா நல்லாவா இருக்கு?" என்று சிரித்தார். ஃபார்ம் இத்துடன் இருக்கிறது.

மெஷின் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் நினைத்தவன் மாதிரியே நடந்துகொண்டேன். மன்னித்துவிடு. போனை எடுக்க வேண்டாம், கடிதம் மட்டும் எழுது.

உன்,
யேசுராஜ்

✦

ஃபஹாஹீல்
7 மே 2006

அத்தான்,

பாருங்கள், அத்தான் என்ற பழைய அழைப்பு திரும்பிவிட்டது.

பெரிய வெள்ளிக் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. வயதான பிறகு உங்களுக்கு வாசித்துக் காட்ட வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை நாகவள்ளிக்கும் வாசித்தேன். கார்மேகம் துண்டை எடுத்துக்கொண்டு போன இடத்தில் அவள், "பாவம்ட்டி அந்தப் பையன்" என்று மூக்கை உறிஞ்சினாள். அவனுக்கு இந்தப் பார்சலில் ஒரு பொட்டலம் மிக்சர் இருக்கிறது. நீங்கள் எடுத்துத் தின்ன வேண்டாம்.

ஃபார்மை நிரப்பிவிட்டேன். பி.எஸ்.சி. கணிதம். ஜூலையில் பாடம் தொடங்குகிறது. "படிப்பின் நோக்கம்" என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது என்று யோசித்து, "பிடிக்கிறது" என்று எழுதினேன். ஏற்றுக்கொள்வார்களா தெரியவில்லை.

பாஸ் மார்க் போதும் அத்தான். உங்கள் எண்பதுகளைவிட அந்த நாற்பதுதான் எனக்குப் பெருமை. பரீட்சையை நன்றாக எழுதுங்கள். நிதானமாக, ஏழையும் ஒன்றையும் வித்தியாசப்படுத்தி எழுதுங்கள்.

ஒரு கேள்வி. நாகவள்ளியின் சிநேகிதி ஒருத்திக்குத் தெரிய வேண்டுமாம். உங்கள் கேம்ப்பிலிருந்து அல் கோர் ஊருக்குள் போக எத்தனை நிமிடம்? பஸ் உண்டா? அங்கே கடற்கரையில் மீன் சந்தை இருக்கிறதா? மறக்காமல் எழுதுங்கள்.

பெர்சி

✦

அல் கோர் கேம்ப்
9 ஜூன் 2006

அன்புப் பெர்சி,

பரீட்சை முடிந்தது! கடைசித் தாள் நேற்று. ஓ.ஆர். தாளில் நெட்வொர்க் கணக்கு வந்தது, தெரியுமா? வீடு கட்டுகிற கணக்கு. கான்கிரீட் காய்வதற்குப் பதினான்கு நாள். அந்தக் கோட்டைப் போடும்போது உன்னை நினைத்து ஒரு சிரிப்பு வந்தது, கண்காணிப்பாளர் முறைத்தார். எல்லாத் தாளும் கண்டிப்பாகத் தேறும். எழுத்தைப் பற்றி மட்டும் உறுதி சொல்ல முடியாது.

கார்மேகம் மிக்சரைத் தின்று முடித்துவிட்டான். எனக்கு ஒரு பிடி கொடுத்தான். "அண்ணியாரு கணக்குல ஆள விட்டுப்புட மாட்டாக" என்று அறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அந்தச் சிநேகிதிக்குச் சொல்: எங்கள் கேம்ப்பிலிருந்து ஊருக்குள் கம்பெனி வண்டியில் இருபது நிமிடம். மீன் சந்தை உண்டு, படகுத்துறையை ஒட்டியே இருக்கிறது. நெய்மீன் கிடைக்கும். அவள் எதற்குக் கேட்கிறாள்? அல் கோருக்கு வந்து யார் என்ன செய்யப் போகிறார்கள்?

சரி, முக்கியமான விஷயம். இன்று விடுமுறை என்பதால் உட்கார்ந்து நம் இரண்டு பேருக்கும் ஒரு நெட்வொர்க் போட்டிருக்கிறேன். ரிசல்ட் வர மூன்று மாதம். சர்டிபிகேட் வாங்கி எல்லா முத்திரையும் குத்தி வர இரண்டு மாதம். கம்பெனியில் கிரேடு மாற்றுகிற கமிட்டி இரண்டு மாதம். குடும்ப அந்தஸ்து, விசா இரண்டு மாதம். வீடு பார்த்து, டிக்கெட் எடுத்து, சாமான் கட்ட ஒரு மாதம். ஆக மொத்தம் பத்து மாதம். 2007 ஏப்ரலில் நீ இங்கே இருப்பாய். நீ வேலையை விட மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதைப் பக்கத்துக் கோடாகப் போட்டிருக்கிறேன், அதனால் கூடுதல் நாள் ஆகாது.

இந்தத் தடவை ஒன்றையும் விடவில்லை. காத்திருக்கும் நாளையெல்லாம் எண்ணித்தான் எழுதியிருக்கிறேன். எண்ணி எழுதியபிறகு பத்து மாதம் ரொம்ப நீளமாகத் தெரிகிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆனாலும் தேதி தெரிந்தபிறகு மனசு ஒரு நிலைக்கு வந்திருக்கிறது.

படத்தை இணைத்திருக்கிறேன். நானே வரைந்தது, நானே எழுதியது. தப்பிருந்தால் திருத்து. இந்தத் தடவை சொல்லிவிட்டுத் திருத்து.

யேசுராஜ்

✦

ஃபஹாஹீல்
20 ஜூன் 2006

என் அத்தானுக்கு,

படம் வந்தது. வரைந்த விதம் நன்றாக இருக்கிறது. ஸ்கேல்கூட வைத்திருக்கிறீர்கள். கூட்டல் சரி. காத்திருக்கும் நாட்களும் சரி. ஆனால் ஒரு தப்பு இருக்கிறது. சொல்லிவிட்டுத் திருத்தச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் ஒரே ஒரு பாதைதான் போட்டிருக்கிறீர்கள். பரீட்சை, ரிசல்ட், கிரேடு, விசா, நான். இதைத் தவிர நான் உங்களிடம் வந்து சேர வேறு வழியே இல்லை என்று கல்யாணமான நாளிலிருந்து நீங்களும் நினைத்தீர்கள், நானும் நினைத்தேன். உங்கள் கிரேடு என்னைக் கூட்டிக்கொண்டு போகும் என்று கைகட்டி உட்கார்ந்திருந்தேன். ஏப்ரலில் சண்டை போட்டுப் போனை எடுக்காமல் இருந்த நாட்களில் கோபம் தீரட்டும் என்று நானும் இதே படத்தைப் போட்டுப் பார்த்தேன். நம் இருவர் பெயரையும் எழுதி, சேருகிற புள்ளியைக் கடைசியில் வைத்து, பின்னாலிருந்து முன்னால் வந்தேன். அப்போது இன்னொரு கோடு கண்ணில் பட்டது. நான் நர்ஸ். அல் கோரில் ஆஸ்பத்திரி இருக்கிறது.

நாகவள்ளிக்குச் சிநேகிதி யாரும் இல்லை அத்தான்.

ஏப்ரல் பத்தாம் தேதி விண்ணப்பம் அனுப்பினேன். மே பதினொன்றாம் தேதி போனில் நேர்காணல். முதல் கேள்வியே என்ன தெரியுமா? உங்கள் கிளினிக்கில் நீங்களாக எதையாவது மாற்றியதுண்டா என்று கேட்டார்கள். ரத்தம் எடுக்கும் இடத்து நாற்காலிக் கதையைச் சொன்னேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்கள், படம் போட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர் பாடம் அது என்றும் சொன்னேன். மே இருபத்தெட்டில் ஆர்டர் வந்தது. ஜூன் ஒன்றாம் தேதி இங்கே நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். உங்களுக்குப் பரீட்சை நடக்கும்போது மனசைக் கலைக்க வேண்டாம் என்று பொறுத்துக்கொண்டேன். இதுவும் சொல்லாமல் செய்ததுதான். திட்டுவதானால் திட்டுங்கள், நேரில் திட்டலாம்.

ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு இங்கே வேலை முடிகிறது. அதற்குள் அங்கிருந்து விசா வந்துவிடும். அந்தக் கோடு இரண்டு மாதம்தான், நோட்டீஸ்தான் நீளம். செப்டம்பர் முதல் வாரத்தில் நான் அல் கோரில் இருப்பேன். உங்கள் ரிசல்ட்டை நாம் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம்.

அதற்காகப் படிப்பை விட்டுவிடாதீர்கள். சூப்பர்வைசர் ஆகுங்கள், போர்மேன்கள் கையிலிருக்கும் டைம் ஷீட்டில் காத்திருப்பதற்கு ஒரு கட்டம் போட வையுங்கள், கார்மேகத்துக்காக. என் கணித அசைன்மென்ட் ஜூலையில் வருகிறது, குவைத் மையத்திலிருந்து தோஹாவுக்கு மாற்றித் தரக் காதர் மைதீன் சாருக்கு எழுதிவிட்டேன். அதை நான்தான் எழுதுவேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மீன் நறுக்கலாம்.

இன்னொரு காகிதம் இணைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸ் ஃபார்ம். கல்யாணமான நர்ஸுகளுக்கு இரண்டு அறை வீடாம். கணவர் வேறு கம்பெனியில் வேலை பார்த்தாலும் கூடத் தங்கலாமாம், அவர் கம்பெனி அனுமதித்தால் போதுமாம். உங்கள் கேம்ப் ஆபீசில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பணியாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். உடன் தங்குபவர் என்ற இடத்தில் உங்கள் பெயர். உறவு என்ற இடத்தில் கணவர். எல்லாம் முத்து முத்தாக எழுதியிருக்கிறேன்.

அடியில், உடன் தங்குபவர் கையெழுத்து என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அதை மட்டும் நான் தொடவில்லை. உங்கள் கோழிக் கிறுக்கலில் நீங்களே போட்டு, இந்த வாரத் தபாலிலேயே அனுப்புங்கள்.

பெர்சி